சதை கன்றாமல்

நீச்சல் குளத்துக் குளியலறைச் சுவரில்
ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள்.
தலை, அக்குள், இடுப்பு, பாதம்:
சோப்பு போடவேண்டிய இடமெல்லாம் சிவப்பு.
படத்தில் இருப்பவளுக்கு வயது கிடையாது,
தையல் தழும்பு கிடையாது.
அவளுக்கு முன்னால்
பொட்டுத் துணியில்லாமல் நிற்கிறோம் ஊர்ப் பெண்கள்:
வங்கிக்காரி, தேவாலயப் போதகர்,
ஏழுமாத வயிற்றோடு பேருந்து ஓட்டும் ஹ்ராஃப்ன்ஹில்டுர்,
பிறகு நான்.

இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
பார்த்துக்கொண்டிருந்தவள்
நான்தான்,
என்னை.

ஐஸ்லாந்தின் வடக்கு.
கடல் கைநீட்டி உள்ளே வந்து
எடுக்க மறந்துபோன ஊர்.
ஜனவரியில் பதினோரு மணிக்குத்தான் விடியும்.
இருட்டில் குளம் மட்டும் பச்சையாய்க் கொதிப்பதுபோல் ஆவி விடும்.
முடி நனைந்த கணமே உறைந்து
காதோரம் கிணுகிணுக்கும்.

தினம் ஐம்பது நீளம் என்று
டிசம்பர் கடைசி இரவில் சபதம் போட்டேன்.
சாட்சிக்கு
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒருத்தியை ஒட்டினேன்.
ஹேண்ட்பால் அணியின் நீலச் சட்டை,
இருபத்தாறு வயது,
என் பெயர்தான் அவளுக்கும்: ஸ்டெய்ன்வோர்.
நள்ளிரவில் வெண்ணெய் எடுக்கப் போனால்
முறைப்பாள்.

மணிக்கட்டில் ஒரு கடிகாரம் வேறு.
போதாது என்பதை
அது அதிர்ந்து அதிர்ந்து சொல்லும்.

பத்தொன்பதாவது நீளம் முடிந்து
இருபதாவதின் பாதியில்
வலது தோள் நின்றுவிட்டது.
வலித்தது என்றால் சரியில்லை.
வேலையை விட்டு வெளியே போகிற ஆள்
கதவைச் சாத்துவானே, அப்படி.
அடிமேல் அடி வைத்தால் நகரும் என்றுதான்
மூன்று வாரமாய் அடித்தேன்.
அம்மியா இது?
தோள்.

ஓரக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.
பனி விழுந்துகொண்டிருந்தது,
தோளுக்கும் கம்பிக்கும் வித்தியாசம் பார்க்காமல்.

எங்கள் மீன் ஆலையில், கத்திகள் தொங்கும் சுவருக்கு மேலே
மூன்று மொழிகளில் ஒரு பலகை உண்டு,
எங்களுக்கும், போலந்துக்காரர்களுக்கும், தாய்லாந்துக்காரர்களுக்கும்:
சதை கன்றக் கூடாது.
கன்றினால் விலை இறங்கும்.
முப்பத்தொரு வருடம்
காட் மீனை அப்படித்தான் பிடித்திருக்கிறேன்.
அடியில் உள்ளங்கை கொடுப்பேன்.
வாலைப் பிடித்து இழுத்ததில்லை.
விரல் விறைத்துக் கத்தி நழுவும் பொழுதிலும்
எறிந்ததில்லை ஒன்றைக்கூட.

செத்த மீனுக்கு.

இடது கையால்
வலது முழங்கையின் அடியில் உள்ளங்கை கொடுத்தேன்.
அவ்வளவுதான் செய்தேன்.
கனத்தது.
இத்தனை கனமா நீ,
இதையா ஒரு நாள்கூட விடுப்பு கேட்காமல் சுமந்தாய்
என்று சொல்ல வாயெடுத்து
தண்ணீர் குடித்தேன்.

அப்படியே மல்லாந்துவிட்டேன்.
கண்ணாடிக் கூண்டிலிருந்த உயிர்காப்பாளன் எல்டியார்ன்
பதறி எழுந்தான்.
காலை உதைத்துக் காட்டினேன்:
மூழ்கவில்லை தம்பி, மிதக்கிறேன்.
கடிகாரம் கேட்டது: நீச்சல் முடிந்ததா?
வயிறு தண்ணீருக்கு மேலே
சின்னத் தீவாய் நின்றது.
அதன்மேல் பனி விழுந்து, விழுந்து, கரைந்தது.
பதில் சொல்லவில்லை நான்.

வெந்நீர்த் தொட்டியில் வங்கிக்காரி கேட்டாள்,
இன்றைக்கு எத்தனை?
பத்தொன்பதரை.
அரையா, என்று சிரித்தாள்.
அரைதான் நன்றாயிருந்தது என்றேன்.
பேச்சு உருளைக்கிழங்கு விலைக்குப் போனது.

திரும்பும்போது, அந்தப் படத்துக்கு முன்னால்,
சிவப்பே இல்லாத இடத்தில்,
தோள்பட்டைத் தழும்பில்,
முதல் சோப்பு.

நாளைக்கு வருவேனா, தெரியாது.
வந்தால் குறுக்குவாட்டில் நீந்தலாம்.
வராவிட்டால் கடலோரம் நடக்கலாம்,
ஹ்ராஃப்ன்ஹில்டுர் மூச்சு வாங்கும் வேகத்தில்.

இரவு வெண்ணெய் எடுக்கப் போனேன்.
நீலச் சட்டைக்காரி அங்கேயே இருந்தாள்.
கிழிக்க மனமில்லை.
கிட்டத்தில் பார்த்தால் அது முறைப்பே இல்லை.
வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சியாளர் எங்களை எடை போடுவார்.
வியாழன் இரவுகளில் நாங்கள் சாப்பிடமாட்டோம்.
மறந்தே போயிருந்தேன்.
அந்தப் படம் எடுத்தது
ஒரு வெள்ளிக்கிழமை காலை.

இரண்டு ரொட்டித் துண்டு எடுத்தேன்.
தடிமனாகப் பூசினேன்,
இரண்டிலும்.