காற்று அதிகம்

பணகுடி தாண்டி, காவல்கிணறு விலக்குக்கு முன்னால்
ராத்திரி ரெண்டே முக்காலுக்கு
என் கார் செத்தது.
வெடிச் சத்தம் எதுவும் இல்லை.
பாலத்துக்கு அடியில் யாரோ
பித்தளைக் குடத்தை உருட்டிவிட்டாற்போல ஒன்று,
பிறகு டயர் உருளும் ஓசை மட்டும்.
கண்ணாடியில் நீலப் புகை.
பின்னால் வந்த மீன் லாரி
திட்டிக்கொண்டே விலகிப் போனது.
அந்த நேரத்தில் எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை.
சும்மாதான் போனேன்.

ஆனிக் காற்று கதவைத் திறக்க விடவில்லை.
நாலு பக்கமும் காற்றாலைகள்,
உச்சியில் சிவப்புப் பொட்டு விளக்குகள்.
அதில் பதினேழு என் பொறுப்பு.
நட்டு இறுக்கி, கிரீஸ் வைத்து, மாசம் பிறந்தால் சம்பளம்.

கோயம்புத்தூரில் வாங்கின செகண்ட் ஹேண்ட் வண்டி.
"ஸ்டேஜ் டூ பண்ணது பாஸ், சும்மா பறக்கும்"
என்றான் விற்றவன்.
நூற்றைந்து குதிரைக்குப் பிறந்த எஞ்சினில்
நூற்றெழுபதைக் கட்டியிருந்தார்கள்,
ஒரு லேப்டாப்பை வைத்து, முக்கால் மணி நேரத்தில்.
அதே பிஸ்டன், அதே ராடு, அதே பேரிங்.
டர்போ ஊதுகிற காற்றை மட்டும் கூட்டினார்கள்.

தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.
காற்றுதான் என் பிழைப்பு.

நாங்குநேரி டோல்கேட் தாண்டியதும்
மூன்றாவது கியரில் மிதிப்பேன்.
கண்ணிமைக்கும் நேரம் ஒன்றும் நடக்காது.
ஒரு விசில் ஏறும்.
அப்புறம் முதுகில் ஒரு கை.
என்னை அப்படி முன்னால் தள்ளிவிட
அதுவரைக்கும் யாரும் இருந்ததில்லை.

சித்திரையிலேயே தட்டத் தொடங்கியிருந்தது.
வள்ளியூர்ப் பாலத்து ஏற்றத்தில், உச்சி வெயிலில்,
தகர டப்பாவில் புளியங்கொட்டையைக் குலுக்கினாற்போல,
சன்னமாக.
ஒசந்த பெட்ரோல்தான் போடணும் என்று
மேப் எழுதினவன் சொல்லியிருந்தான்.
எங்க ஊர்ப் பங்கில் இருந்ததைப் போட்டேன்.
எஞ்சின் தட்டியது.
நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

மேலப்பாளையம் ஷெட்டில் மசூது,
என்னைவிட ஆறு வயசு சின்னவன்,
மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனை உருவி
பழைய காலண்டர் தாளில் வைத்தான்.
"என்னண்ணே இது, பிஸ்டனா, கடிச்சு வச்ச முறுக்கா?"
ரெண்டு ரிங்குக்கும் நடுவில் இருக்கிற வரப்பு
உடைந்து காணாமல் போயிருந்தது.
சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்.
"கம்பெனிக்காரன் கொஞ்சம் மிச்சம் வச்சிருந்தாம்ணே" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.
டீ வாங்க ஆள் அனுப்பினான்.
நான் தாளில் இருந்த தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
அஞ்சாம் தேதி, பேங்க் தவணை.
இன்னும் இருபத்திரண்டு அஞ்சாம் தேதிகள்.

மறுநாள் ஒன்பதாம் நம்பர் கோபுரத்தடியில்
பேனல் முன்னால் நின்றேன்.
காற்று ஏறிக்கொண்டே இருந்தது,
இருபத்து மூன்று, இருபத்து நாலு.
இருபத்தைந்தில்
மூன்று இறக்கையும் விளிம்பைத் திருப்பிக்கொண்டன,
கூட்டத்தில் ஒருவன் தோளை ஒடுக்கி
வழி விடுவதுபோல.
அத்தனை நல்ல காற்று,
யூனிட் யூனிட்டாக வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது.
அது அசையவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்.
நின்ற காரணம்: காற்று அதிகம்.
பழுது: இல்லை.

சாயங்காலம் காவல்கிணற்றில் திருநெல்வேலி பஸ் ஏறினேன்.
எதிர்த் தடத்தில் என் எண்ணெய்க் கறை,
கறுப்பாக, ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு.
டிரைவர் அவர் பாட்டுக்கு நிதானமாகப் போனார்.
என் வலது கால் மட்டும்
தரையை அழுத்திக்கொண்டிருந்தது.