வெயில் எந்தப் பக்கம்

ஒட்டுசுட்டானுக்கு மேலே பறந்த ட்ரோன்
ஒரேயொரு படம் தந்தது.
காட்டு வெட்டையில் வட்டமாய் ஒன்று:
மேல் விளிம்பு வெளிச்சம், கீழ் விளிம்பு கருமை,
நடுவே சாம்பல் அவசரமின்றிக் கறுக்கிறது.

புற்று, என்றேன்.
கேதாரணி படத்தைத் தலைகீழாக்கினாள்.
குழி.

நிழலுக்குச் சரிவு தெரியும்.
அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை
வெயிலைக் கேட்கவேண்டும்.

படத்தின் ஓரத்தில் ஒரு பாலைமரம்,
தன் நிழலை மேல்நோக்கி நீட்டியபடி.
"அப்ப வெயில் கீழையிருந்து" என்றாள்.
எண்ணொன்றை மாற்றினாள். திரையில்
அந்த வட்டம்
மூச்சை உள்ளிழுத்ததுபோல் இறங்கியது.

எவ்வளவு ஆழம்? எப்ப வெட்டினது? ஆர்?
சாம்பலில் அதெல்லாம் இல்லை.

யன்னலுக்கு வெளியே முகில் கூடுகிறது.
நனைந்த மண் மினுங்கும், கணக்குப் பிழைக்கும்.
கேதாரணி சப்பாத்து நாடாவை இறுக்கினாள்:
"மழைக்கு முன்னம் போவம்."