நான்கரை விரல்

மரத்தைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.
கையைக் காட்டுங்க என்றாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில்
போல்ட் கம்பெனிக்கும் மூடிய கேன்டீனுக்கும் நடுவே
தகரக் கூரை போட்ட ஷெட்.
பெயர் பெனினாள். புருவத்தில் மரத்தூள்.
பழுப்புத் தாளில் என் இடது கையை விரித்து வைத்து
பென்சிலால் ஓரமாகவே சுற்றி வந்தாள்.
மோதிர விரலில் பென்சில் கொஞ்சம் தயங்கியது,
நகம் இருந்த இடம் வருவதற்கு முன்பே
திரும்பிக்கொண்டது.

பிரஸ்ஸா?
பிரஸ்தான். நைட் ஷிஃப்ட்.

அச்சச்சோ சொல்லவில்லை.
ஸ்கேலை எடுத்தாள்.
கழுத்து ரெண்டு மில்லிமீட்டர் ஒல்லியா போகட்டும்,
கம்பி இன்னும் தாழ உட்காரட்டும்,
உடம்புக்கு மாமரம் போதும்,
காயில் நானே சுத்துவேன், ஏழாயிரம் சுத்து.
எட்டு மாசம். நடுவுல மழை வந்தா
பாலீஷ் காயாது, பத்துன்னு வச்சுக்குங்க.
ஒண்ணே கால் லட்சம்.

டிரம்ஸ் வாசிக்கும் ஜெபசிங் சிரித்தான்:
உன் கைக்குன்னு அளவெடுத்துத் தச்ச சட்டைய
நாளைக்கு எவன்டா வாங்குவான்?

ஒரகடத்தில் எனக்கு வேலை
கதவுகளை நிராகரிப்பது.
விரல் போன பிறகு கொடுத்த வேலை.
நாளைக்கு அறுநூறு கதவு.
விளிம்பில் விரலை ஓட்டுவேன்
(குறைவிரல்தான் நன்றாகக் கண்டுபிடிக்கும்),
அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர்.

தொழிற்சாலைப் பொருளுக்கு
ஆன்மா கிடையாது என்று சொல்பவர்களை
ஒருநாள் எங்கள் ஷிஃப்ட் பஸ்ஸில் ஏற்ற வேண்டும்,
வண்டலூர் தாண்டி
ஐம்பது தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து தூங்கும்போது.

சனிக்கிழமை மவுண்ட் ரோடு.
ஏசி குளிரில் மூன்று கிதார்கள்.
ஒரே மாடல், ஒரே கறுப்பு,
வரிசை எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு.
மூன்றிலும் அதே நாலு கார்டு வாசித்தேன்.
முதலாவது சரி. இரண்டாவதும் சரி.
மூன்றாவதைத் திருப்பிப் பார்த்தால்
கழுத்து வந்து சேரும் இடத்தில்
பாலீஷுக்கு அடியில்
ஒரு நூலிழை.
கையுறையிலிருந்து உதிர்ந்தது.

நானாக இருந்தால் ஒட்டியிருப்பேன் ஸ்டிக்கரை.

எந்த ஊரோ, எந்த லைனோ,
ஷிஃப்ட் முடிய இரண்டு நிமிடம் இருந்திருக்கும்.
பார்த்தானா, பார்த்தும் போகட்டும் என்று விட்டாளா.
வேற பாக்ஸ் பிரிச்சுத் தரேன் சார் என்றார் கடைக்காரர்.
வேண்டாம்.
முப்பத்தெட்டாயிரம், ஆறு தவணை.

உண்மையைச் சொன்னால் காரணம் நூலிழை இல்லை.
பயம்.
எனக்கென்றே செய்த ஒன்றில் சுருதி பிசகினால்
பிசகு முழுக்க என்னுடையது.
இதில் பாதியை
கிதார் மீது போட்டுவிடலாம்.

பெனினாளுக்கு ஃபோன் செய்து சொன்னேன்.
அந்தப் பக்கம் ரம்பம் நின்றது.
பரவால்ல, கொண்டு வாங்க, செட்டப் பண்ணித் தரேன்.
மறுபடி ரம்பம்.

இன்னும் போகவில்லை.
இரவு ஒன்பதரைக்கு மேல்
ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன்.
வாசித்ததில் பாதி எனக்குப் பிடிக்கிறது.
ஒரு கார்டில் மட்டும் மூன்றாவது கம்பி
ஒவ்வொரு முறையும் ஊமையாகிறது.
விரல் எட்ட வேண்டிய தூரம்
எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
அளவெடுப்பதுதானே என் வேலை.

தாளைத் திருப்பிக் கேட்கவில்லை.
அவள் ஷெட் சுவரில்
ஆணியில் மாட்டியபடி இருக்கும்,
நான்கரை விரலோடு,
விரித்தது விரித்தபடி,
எதையும் பிடிக்காமல்
என் கை.