உப்புக்குச் சப்பாணி

பொலிவியாவில், கொல்சானியில்,
எங்கள் வீட்டுச் சுவரே உப்புதான்.
பாளமாய் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி,
இடையில் பூசியதும் உப்புச் சேறு.
மழை மாதத்தில் அடிச்சுவர் கொஞ்சம் இளைக்கும்.
பிறகு பூசித் தேற்றுவோம்.

கொட்டகையில் நான்
பிளாஸ்டிக் பைகளின் வாயைச் சுடரில் காட்டி ஒட்டுகிறேன்.
காலையிலிருந்து அறுநூறு வாய்.
வாசலில் பிள்ளைகள்
லாரித் தண்ணீரில் அரை வாளி திருடிவிட்டார்கள்.
பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

எவாரிஸ்தோ ஆணியைப் போட்டான். தொபுக்.
நில்டா பாட்டில் மூடியை விட்டாள்.
"படகு" என்றாள்.
ஒரு பக்கம் அழுத்தியதும்
படகும் ஆணியோடு சேர்ந்துகொண்டது.
லாமா மயிர் மட்டும் உடனே முடிவெடுக்கவில்லை.
மிதந்தது, யோசித்தது,
குடித்துக் குடித்துக் கனத்து
யாரும் பார்க்காதபோது இறங்கிவிட்டது.

வாராவுக்கு மூன்று வயது.
எந்த ஆட்டத்திலும் அவள் உப்புக்குச் சப்பாணி.
நச்சரிப்பு தாங்காமல் ஓர் உப்புக்கட்டி கொடுத்தார்கள்:
"போடு. மூழ்கும். எங்களுக்குத் தெரியும்."
மூழ்கியது.
தெரிந்தவர்கள் டயர் டியூபை இழுக்கப் போய்விட்டார்கள்,
ஆளுக்கொரு முனை,
விடாதவன் கையில் அறையும் ரப்பர்.

இவள் நகரவில்லை. குச்சியால் கிண்டினாள்.
நான் நூறு பை ஒட்டுவதற்குள்
கட்டியின் மூலைகள் போயின,
கூழாங்கல் ஆனது, பட்டாணி ஆனது,
பிறகு வாளியின் அடி மட்டும் தெரிந்தது.

தோள்வரை கையை விட்டுத் துழாவினாள்.
"நீதான் எடுத்தே!"
எவாரிஸ்தோ சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினான்:
ஒரு திருகாணி, பாதி பிஸ்கட்.
அழுகை.
அழுதபடியே விரலை வாயில் வைத்தாள்.
நின்றது.
இன்னொரு விரல்.
மெதுவாகத் தலையைத் திருப்பி
வீட்டுச் சுவரைப் பார்த்தாள்.
பிறகு என்னை.

சுடரில் ஒரு பை சுருங்கிக் கருகியது.

வாளியை என்னைக் கவிழ்க்க விடவில்லை.
மத்தி மீன் தகரத்தில் கொஞ்சம் மொண்டு
வெயிலில் வைத்துக்கொண்டாள்.
யாரும் சொல்லித் தரவில்லை.
அந்தத் தகரம் அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.
நாய் முகர்ந்து தும்மிவிட்டுப் போனது.
காற்று குடித்தது.
ஐந்தாம் நாள் தகரத்தின் அடியில்
சதுரம் சதுரமாய் வெள்ளைப் பொருக்கு.

நகத்தால் சுரண்டி என்னிடம் நீட்டினாள்:
"பையில போடு. மறுபடி ஓடிடப் போகுது."

போட்டேன். வாயை ஒட்டினேன்.
எடை பார்க்கவில்லை.