முட்டியில் ஒன்றுமில்லை

ஆகஸ்டில் நானேதான் எடுத்தேன்
அவனுடைய இடது முட்டியை.
முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.
சலவைக்குப் போய்வந்தது போன்ற எலும்பு.
'ஒன்றுமில்லை' என்று அறிக்கை போயிற்று.
எங்கள் தொழிலில் அது நல்ல செய்தி.

இப்போது நவம்பர்.
டோகோரோவாவில் மழை.
காகித ஆலையின் அவித்த முட்டைக்கோஸ் வாடை
எக்ஸ்ரே அறைக்குள்ளும் வந்துவிட்டது.
அதே பையன். ஙாமெதுவா.
மூக்கிலிருந்து தொடங்கும் பெயர்,
பள்ளியில் பாதிப்பேர் தப்பாய்ச் சொல்வார்களாம்.
பதின்மூன்று வயது.
உடம்பு வளர்ந்த வேகத்துக்கு
எலும்பு இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

அதே படிவம். 'இடது முட்டி. மீண்டும் பார்க்கவும்.'

இரவு ஷிப்ட் முடித்து
மஞ்சள் சட்டையோடே வந்திருந்தாள் தெரெமொவானா.
"வளர்ற வயசு வலின்னாங்க.
கோச் ஐஸ் வைக்கச் சொன்னார்."
பிறகு, மழைச் சத்தத்தை விடத் தாழ்ந்து,
"நான் சோம்பேறின்னு திட்டினேன்."

மேசையில் படுத்தான்.
வலது பாதம் கூரையைப் பார்த்தது.
இடது பாதம் கதவைப் பார்த்தது,
அது மட்டும் கிளம்பிப் போக நினைப்பது போல.

முட்டியை மடக்கி மேலே கொண்டுவரச் சொன்னேன்.
நெஞ்சுக்கு வரவில்லை.
வழி தெரிந்த மாடு மாதிரி
தானாகவே வெளிப்பக்கம் திரும்பியது.
"நேரா வராதா?"
"வராது. ரொம்ப நாளாவே."

டாக்டர் ஃபென்விக்கைப் போனில் பிடித்தேன்.
இடுப்பையும் எடுக்கவா?
"வலி முட்டியில்தானே?"
பாதத்தை வந்து பாருங்கள் என்றேன்.
வந்தார். பார்த்தார்.
படிவத்தில் 'முட்டி'யை அடித்து
மேலே எழுதினார், பேனா காகிதத்தைக் கிழிக்க.

எய்தவன் இடுப்பில் உட்கார்ந்திருக்க
மூன்று மாதம் அம்பை நொந்திருந்தோம்.
ஒரே நரம்பு இரண்டு வீட்டுக்கும் தபால் கொண்டுபோகிறது.
விலாசம் மாறிப் போட்டதற்கு
பையன் என்ன செய்வான்?

தவளை போல் கால்களை விரித்து ஒரு படம்.

பேருந்தில் தூங்கும் பயணியின் தலை
பக்கத்து ஆளின் தோளில் சரிவதைப் பார்த்திருப்பீர்கள்.
தொடை எலும்பின் தலை அப்படிச் சரிந்திருந்தது,
வளர்ச்சி நடக்கும் மெல்லிய இடத்தில்,
சத்தமில்லாமல்.
கழுத்தின் மேல்விளிம்பில் ஒரு கோடு இழுத்தார் டாக்டர்.
அது தலையில் கொஞ்சமாவது வெட்டிப் போகவேண்டும்.
வலப்பக்கம் வெட்டியது.
இடப்பக்கம் தொடாமலே போயிற்று,
பேச்சு முறிந்த உறவுக்காரன் போல.

"இறங்காதே" என்றேன்.
சிரித்தான்.
"கார்லேர்ந்து நடந்துதானே வந்தேன்."
இனி ஒரு அடி கூட இல்லை.
"பாத்ரூம்?"
அதற்கும் சக்கர நாற்காலிதான்.
அப்போதுதான் சிரிப்பு நின்றது.

ஹாமில்டனுக்கு ஆம்புலன்ஸ்.
அன்றிரவே ஒரே ஒரு திருகாணி,
சரிந்ததை நிமிர்த்த அல்ல,
இனிமேல் சரியாமல் பிடித்துக்கொள்ள.
மற்ற இடுப்பையும் நம்பமுடியாது,
கண் வைத்திருக்க வேண்டும் என்றார்களாம்.

எல்லோரும் போனபின் ஆகஸ்ட் படத்தைத் திறந்தேன்.
முட்டிக்கு நாலு விரல் மேலே தொடை முடிந்திருந்தது.
நான்தான் வெளிச்சச் சதுரத்தை அவ்வளவுக்குக் குறுக்கியவள்.
வேண்டாத இடத்தில் கதிர் படக்கூடாது.
சரியான வேலை. பாராட்டுக்கூடக் கிடைக்கும்.
அந்தச் சதுரத்துக்கு வெளியே
இருட்டில்
அது அன்றைக்கே நழுவிக்கொண்டிருந்ததா?
அவன் பாதம் அப்போது எங்கே பார்த்தது?
ஞாபகமில்லை. நான் பார்க்கவில்லை.

மார்ச்சில் வந்தான், ஊன்றுகோல் இல்லாமல்,
கொஞ்சம் சாய்ந்த நடையோடு.
திரையில் திருகாணியை வெகுநேரம் பார்த்தான்.
"ஏர்போர்ட்ல கத்துமா? ரரோடோங்கா போறோம்."
தெரியவில்லை, போய்வந்து சொல் என்றேன்.
வாசலருகே கேட்டேன்,
"முட்டி எப்படி இருக்கு?"

"அது எப்பவுமே நல்லாதான் இருந்துச்சு."