சூடா மாக்கான்

துரை காலில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார்.
எடுத்த பிறகும் குழி இருக்கும்.
சதை மேலே எழும்பி வரும் வரை
நான் வாய்விட்டு எண்ண வேண்டும்.
பதினேழாம் கட்டிலுக்கு நாற்பது எண்ணினேன்.
எலியேசர் கிராணி அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்.

சேர்ந்த அன்றைக்கு அதே ஆள்
பதிவேட்டில் கைநாட்டு வைத்திருந்தான்.
ரேகை சுழித்த நீல வட்டம்.
அவன் தாளில் வைத்த விரல் ஒன்று,
அவன் காலில் துரை வைத்த விரல் ஒன்று.
தாளில் இருப்பதற்குத்தான்
ஒற்றுத்தாள் போட்டு அவ்வளவு பத்திரம்.

சிராங்கூன் சாலை ஏழை ஆஸ்பத்திரி.
சதுப்பு நிலம், மழை பெய்தால் வார்டுக்குள் தவளை.
முப்பது கட்டில், நாற்பத்தாறு ஆள்.
போட் கீயில் மூட்டை சுமந்தவர்கள்,
ரிக்‌ஷா இழுத்தவர்கள்,
எல்லோருக்கும் கணுக்கால் தெரியாமல் கால் வீக்கம்.
"பெரிபெரி எண்டால் சிங்களத்தில
முடியாது முடியாது எண்டு அர்த்தமாம்"
என்றார் கிராணி.
பெயர் வைத்தவனும்
கட்டிலில் கிடந்தவனாகத்தான் இருப்பான்.

பதினேழின் பெயர் கோ ஆ சூன்.
ஆறு வருஷம் ரிக்‌ஷாவோடு ஓடிய கால்
கக்கூஸ் வரைக்கும் என் தோளில் தொங்கி வரும்.
எனக்கு ஹொக்கியன் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது.
இரண்டு பேருக்கும் மலாய் காலே அரைக்கால்.
மத்தியானம் நான் தூக்கைத் திறந்தால்
"சூடா மாக்கான்?" என்பான்.
சாப்பிட்டாச்சா என்று கேட்கிறான்.
முதல் நாள் எனக்குச் சூடா என்றுதான் காதில் விழுந்தது.
ஆறிப்போச்சு என்றேன்.
ஒன்றும் விளங்காமல் இருவரும் சிரித்தோம்.

என் தூக்கில் புழுங்கல் அரிசிச் சோறு,
நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தது.
பழுப்பு நிறம், ஊறிய வாடை.
அவர்கள் தட்டில் சயாம் அரிசி,
மெஷினில் தீட்டித் தீட்டிப் பல் மாதிரி வெள்ளை.
தீட்டி எடுத்த தவிடு
சாலைக்கு அந்தப்புறம் பன்றிக் கொட்டகைக்குப் போகும்.
பன்றிகள் ஓடுவதை
ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

ஒரு நாள் அவனுக்கு ஓர் உருண்டை நீட்டினேன்.
இரக்கம் ஒன்றுமில்லை, மிச்சம் இருந்தது.
வாயில் வைத்தான். துப்பினான்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு
ஈரச் சாக்கைப் பிழிகிற மாதிரி ஜாடை காட்டினான்.
வார்டே சிரித்தது.
எனக்குக் கோபம். பிறகு நீட்டவே இல்லை.
ஐந்து வாரம் அவன் எதிரில் உட்கார்ந்து தின்றேன்.

துரை காற்றின் மேல் சந்தேகப்பட்டார்,
ஜன்னலெல்லாம் திறந்து வைத்தோம்.
தரையின் மேல் சந்தேகப்பட்டார்,
சுண்ணாம்பு அடித்தோம்.
கார்பாலிக்கில் கட்டில் கால்களைக் கழுவிக் கழுவி
என் கைத்தோல் உரிந்தது.
நாற்பது எழுபதாயிற்று.
தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிய இரவு
வாளியை இறக்கி வைத்துவிட்டு அவன் கண்ணை மூடினேன்.
என்னவோ தோன்றி, காலில் விரலை வைத்து அழுத்தினேன்.
குழி விழுந்தது.
எண்ணாமல் நின்றிருந்தேன், வெளிச்சம் வரும் வரை.

அடுத்த வருஷம் மேலிடத்துக் கடுதாசி:
நோயாளிகளுக்கு இனிப் புழுங்கல் அரிசி.
கிராணி வாசித்து முடித்து என் தூக்கைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷன்.
வார்டு முழுக்க என் அடுப்படி வாடை.
திட்டிக்கொண்டே தின்றார்கள்.
கால்கள் வற்றின, கணுக்கால் எலும்பு தெரிந்தது.
பதினேழில் வந்தவன் மூன்றாம் மாதம்
என் தோளைத் தட்டிவிட்டுத் தானே கக்கூஸுக்குப் போனான்.

இப்போது தூக்கைத் தாழ்வாரத்தில் வைத்துத் திறக்கிறேன்.
மாக்கான்.
அவன் இரவல் வாங்கிப் பேசிய மொழியில் அது சாப்பாடு.
எங்கள் பக்கத்தில் புத்தியில்லாதவனை அப்படித்தான் கூப்பிடுவோம்.
தினமும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்,
நானும் தினமும் தலையாட்டினேன்.
சோறு ஆறுகிறது.