கூடுதல் ஒரு மீட்டர்

சனிக்கிழமையைப் பறிக்க வந்தவள் என்ற முகத்தோடு
முப்பத்தொரு ஆசிரியர்கள் எனக்கு வணக்கம் சொன்னார்கள்.
பொதட்டூர்ப்பேட்டை தாண்டி, மாந்தோப்புக்கு நடுவே கல்லூரி.
ஜன்னலோரம் நகர்ந்தால் கைபேசிக்கு மாநிலம் மாறிவிடும்:
ஆந்திரா உங்களை வரவேற்கிறது.
தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்
தமிழ்நாடு வரவேற்கிறது.

செயற்கை நுண்ணறிவோடு பாடம் நடத்துவது எப்படி
என்று திரையில் என் முதல் பக்கம்.
தாவரவியல் கஜலட்சுமி வினாத்தாள் கேட்டார்.
இருபது நொடி.
"போன மாசமே வந்திருக்கக் கூடாதா!"
தெலுங்கு தேசய்யா பத்யம் ஒன்று கேட்டு, வாய்விட்டுப் படித்து,
செருப்புக்குள் கல் புகுந்தவர்போல் நிறுத்தினார்.

பொருளாதாரம் எத்திராஜுலு
மதியம் வரை எதையும் தொடவில்லை.
தயிர்சாதம் முடித்து, கை துடைத்து,
இரண்டு விரலால் தட்டினார்:
ராத்திரி விசைத்தறி ஓட்டிவிட்டு
முதல் பீரியடில் தூங்குகிற பையனுக்கு
இறுதிநிலைச் செலவை நடத்துவது எப்படி?

பத்து யோசனைகள் வந்தன.
நல்ல உறக்கத்தின் அவசியம். பெற்றோர் சந்திப்பு.
ஐந்தாவதில் ஒரு பீட்சா கடை.
அவர் சிரித்த சிரிப்புக்கு எல்லா மேசையும் திரும்பியது.

"அதுக்குத் தறி தெரியாது சார், நீங்க சொல்லுங்க" என்றேன்.
கையேட்டில் இதையே
அம்புக்குறி போட்டு நாலு பக்கம் எழுதியிருந்தேன்.
அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்:
ஒருத்தன், நாலு தறி, லுங்கித் துணி,
மீட்டருக்கு இவ்வளவு கூலி,
கரண்டு போனால் கூலி கிடையாது.
இப்போது வந்தது ஒரு கணக்கு.
நள்ளிரவுக்குப் பின் கூடுதலாய் ஒரு மீட்டர் நெய்ய
என்ன செலவு?
கூடவே வரைபடம், தரையோடு தரையாய் ஒரு நேர்க்கோடு.
அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.
அச்செடுக்கப் போனபோது கரண்டு போயிற்று.

கருத்துப் படிவத்தில் முப்பது பேர் "மிக நன்று".
ஒன்று வெறுமையாய்த் திரும்பியது.

பயணப்படி இன்னும் வரவில்லை.
வியாழக்கிழமை, திருத்தணி பேருந்தில் நின்றபடி இருக்கையில்
வாட்ஸ்அப் வந்தது:

"மேடம், படிவத்தை இப்போதுதான் நிரப்புகிறேன்.
நாகபூஷணம் தூங்கவில்லை.
கணக்கு தப்பு என்று எழுந்து நின்றான்.
ரெண்டு மணிக்கு மேல கண்ணு சொக்கும் சார்,
நூல் அறுந்துக்கிட்டே இருக்கும்,
ஒவ்வொரு மீட்டரும் முந்தினதைவிட நேரம் தின்னும்,
கோடு மட்டும் எப்படிப் படுத்துக் கிடக்கும்?
சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கி
மேலே வளைத்தான்.

புத்தகத்தில் அடுத்த பக்கம் அதுதான்.
நான் திருப்பவில்லை."